வெள்ளைக் குருணை

மரவள்ளி, இல்லாவிட்டால் கரும்பு, வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நெல். இதைத் தவிர வேறு எதையும் கண்டறியாத வடக்கனந்தல் கொல்லையில் விஜயலட்சுமி முட்டைகோஸ் நட்டாள். நட்டது ஒரு நாள் வேலை. அதற்குத் தன் புருஷன் தனசேகரனைச் சம்மதிக்க வைத்தது ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை நடந்த வேலை. கல்லைக் கரைத்தாலும் கரைக்கலாம், அந்த மனுஷனைக் கரைக்க முடியாது என்று அவளுடைய மாமியாரே சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

கடைசியில் தனசேகரன் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"பொங்கல் வரிக்கும் பாக்கறேன். தேறலைன்னு வையி, மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மாட்டை அவுத்து உட்ருவேன், கொம்புக்கு வர்ணம் பூசினு வயிறு முட்டத் தின்னுட்டுப் போவட்டும். அதுக்கப்புறம் கொல்லையில இன்னா போடறது, எப்ப போடறதுன்னு நீ வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க" என்றாள் விஜயலட்சுமி.

கோஸ் போனால் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த வாய் போய்விடக் கூடாது. மணலூர்பேட்டையில் பெண்ணையாற்றங்கரைக் கழனியில் அப்பாவோடு நின்று நாற்றுப் பிடித்து வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து களை எடுக்கக் கூப்பிட்டார்கள், அறுப்புக்குச் சோறு ஆக்கச் சொன்னார்கள், இந்தப் போகம் என்ன விதைக்கலாம் என்று மட்டும் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்க வைத்திருக்கிறாள். தோற்றால் அதுவே கடைசிமுறை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் கார்த்திகைப் பனியும் சேர்ந்து செடிகளைத் தூக்கிவிட்டன. அகல அகலமாக இலை விரித்து, நடுவில் உள்ளங்கை மூடுவதைப் போலக் குருத்து மூட ஆரம்பித்த சமயத்தில் இலைகளில் ஓட்டை விழுந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் சின்னப் பச்சைப் புழுக்கள். விரலால் தொட்டால் உடம்பை நெளித்துப் பின்பக்கமாக ஓடும். இன்னும் சீண்டினால் நூல் விட்டுக் கீழே தொங்கும். கொஞ்ச நேரம் ஊஞ்சல் ஆடிவிட்டு, ஆள் போனதும் அதே நூலில் ஏறி வந்து விட்ட இடத்திலிருந்து தின்னும். என்ன திமிர்!

மருந்துக்கடை தெய்வசிகாமணி இலையை வாங்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"புழும்மா" என்றார்.

"அது எனக்கும் தெரியுதுங்க. இன்னா புழு?"

"பச்சைப் புழு" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

அடித்தாள். கேட்கவில்லை. வேறு பாட்டில் கொடுத்தார், அதையும் அடித்தாள். புழுக்கள் டானிக் குடித்த பிள்ளைகளாகத் தேறி வந்தன. கோஸ் உருண்டை திரளத் தொடங்கியதும், தின்கிற பொருளில் இதற்கு மேல் விஷம் ஏற்ற வேண்டாம் என்று அவளாகவே மருந்தை நிறுத்திவிட்டாள்.

நிறுத்தியபின் இரண்டு புது விருந்தாளிகள் வந்தார்கள். ஒன்று, வெள்ளைப் பட்டாம்பூச்சிகள். வெயில் ஏற ஏறக் கொல்லை முழுவதும் பறந்தன. இன்னொன்று, இலையின் அடியில் வெள்ளை வெளேரென்று அரிசிக் குருணை போல ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சமாச்சாரம். முதலில் இங்கொன்று அங்கொன்றாக இருந்தது, பிறகு இலைக்கு இலை தெரிந்தது.

விஜயலட்சுமி செல்போனில் தேடினாள். ஸ்வெட்டர் போட்ட ஒருவர் ஊட்டிப் பக்கத்துக் கோஸ் தோட்டத்தில் நின்றுகொண்டு, வெள்ளைப் பட்டாம்பூச்சிதான் முட்டை இடுகிறது, அதிலிருந்து வருகிற புழுதான் கோஸைத் தின்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய மலைக்கு அது சரி. இவள் கேட்டதும் முடிச்சுப் போட்டுவிட்டாள். வெள்ளைப் பட்டாம்பூச்சி, வெள்ளை முட்டை, பச்சைப் புழு. இதைவிடப் பொருத்தம் கல்யாணத் தரகர்கூடச் சொல்ல மாட்டார்.

மறுநாளே ஆயம்மாளையும் அவளோடு கூலிக்கு வரும் பெண்களையும் கொல்லையில் இறக்கினாள். குருணை ஒட்டிய இலையை எல்லாம் கிள்ளிச் சாக்கில் போட வேண்டும். சாக்கு நிறைந்ததும் வரப்பு மூலையில் கொட்ட வேண்டும். போகி வரட்டும், பழைய பாய், கிழிந்த முறத்தோடு சேர்த்து அந்த முட்டைகளையும் கொளுத்திவிடலாம். பழையன கழிதலில் இந்தப் பீடையும் கழியட்டும் என்பது அவள் கணக்கு. நாளுக்கு நாள் குவியல் வளர்ந்து இடுப்பு உயரம் வந்தது. பட்டாம்பூச்சிகளை அவளே கவனித்துக்கொண்டாள். ஈரத் துண்டைச் சுழற்றிக்கொண்டு பாத்திக்குப் பாத்தி அவள் ஓடுவதைப் பார்க்க, காச்சிராயபாளையம் ரோட்டில் போகிற பைக்குகள் வேகத்தைக் குறைத்தன.

ஆனால் புழு குறையவில்லை. குருணையைப் பொறுக்கப் பொறுக்கப் புழு கூடியது.

"முட்டைய எல்லாம் பொறுக்கிட்ட. அப்புறம் புழு எங்கேர்ந்து வருது?" என்றார் தனசேகரன். "மொதல்ல அது முட்டைதான்னு உனக்கு யாரு சொன்னது? எங்க, ஒண்ணப் பொரிச்சிக் காட்டு பாக்கலாம்."

சொல்லிவிட்டாரே! விஜயலட்சுமி விடுவாளா? காலியான ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, இரண்டு மூன்று குருணையும் சில புழுக்களும் இருக்கிற இலையாகப் பார்த்து உள்ளே போட்டாள். பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டி, சமையல் மேடையில் உப்பு டப்பாவுக்கும் புளி டப்பாவுக்கும் நடுவில் வைத்தாள். வாடினால் வேறு இலை. முட்டை பொரிந்து புழு வரும், புருஷன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு குழைந்தது, ரசம் பொங்கி வழிந்தது, பால் இரண்டு தடவை அடிப்பிடித்தது. அவள் கண் பாட்டிலிலேயே இருந்தது.

புழு இலையைக் கடித்துத் துப்புவதில்லை, சுரண்டுகிறது. மேல்தோலை மட்டும் விட்டுவைக்கிறது, அந்த இடம் கண்ணாடியாகிவிடுகிறது. கொழுத்த புழு ஒன்று ஒருநாள் தின்பதை நிறுத்தியது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, வாயிலிருந்து நூல் எடுத்து, தன்னைச் சுற்றித் தானே வலை பின்னிக்கொண்டது. சல்லாத் துணி கெட்டது போங்கள், அத்தனை மெல்லிசு. உள்ளே பச்சையாகப் புழு படுத்திருப்பது வெளியே தெரிந்தது. தறி இல்லை, ஊசி இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. விஜயலட்சுமி கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். கொல்ல வேண்டிய எதிரிதான். ஆனாலும் அவளுக்குக் கை கூப்பத் தோன்றியது.

சில நாளில் அந்த வலை காலியாக இருந்தது. பாட்டிலின் சுவரில் நெல்மணி அளவு ஒரு பழுப்பு அந்துப்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. சிறகை முதுகோடு சேர்த்து மடித்து, மீசை இரண்டையும் முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தது. டார்ச் அடித்து உற்றுப் பார்த்தாள். இரண்டு சிறகின் ஓரமும் கூடுகிற இடத்தில், வெளிர் நிறத்தில் கட்டம் கட்டமாக, வைரம் பதித்த அட்டிகை போல ஒரு வரிசை. இவ்வளவு அற்பப் பூச்சிக்கு முதுகில் இவ்வளவு அலங்காரம் யார் போட்டது?

உடனே அவளுக்கு இது தெரிந்த பூச்சி என்று உறைத்தது. சாயங்காலம் கொல்லையில் நடந்தால் காலடியிலிருந்து தூசி கிளம்புவதைப் போலக் கிளம்புமே, புடவைக் கொசுவத்திலிருந்து தினமும் தட்டிவிடுவாளே, அதே பூச்சி. ஆக, புழுவின் தாய் பட்டாம்பூச்சி இல்லை, இந்தத் தூசிதான். பகலெல்லாம் துண்டைச் சுழற்றியது வீண். நிஜமான திருடி அந்தி மயங்கிய பிறகு வந்து அவள் காலையே உரசிவிட்டுப் போயிருக்கிறாள்.

அப்படியானால் குருணை? நெல்மணி அளவுப் பூச்சி குருணை அளவு முட்டை இடாது, அது பட்டாம்பூச்சியின் முட்டைதான், அதிலிருந்து இன்னொரு ஜாதிப் புழு வரும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஒருமுறை போட்ட முடிச்சை அவிழ்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம், காப்புக் கட்டுவதற்கு ஆவாரம்பூ ஒடிக்க வரப்புக்குப் போனாள். வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரையும் சேர்த்துக் கட்டி, வீட்டுக் கூரையிலும் கொல்லையின் நான்கு மூலையிலும் செருகினால்தான் அங்கே பொங்கல். கை வைக்கப் போன கொத்தில் ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்தது. வாலை வளைத்துத் தளிரில் ஒரு தரம் தொட்டது, பறந்தது. தொட்ட இடத்தில் ஒரே ஒரு முட்டை, மயிரிழை மாதிரி மெலிசாக, செங்குத்தாக நின்றது. பக்கத்துச் செடியிலும் அப்படியே இருந்தது. வரப்பு முழுக்க ஆவாரை, ஆவாரை முழுக்க அந்த முட்டை. கோஸ் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆவாரையைத் தேடித்தான் கொல்லையைக் கடந்திருக்கிறது. விஜயலட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. குருணை அந்துப்பூச்சியுடையதும் இல்லை, பட்டாம்பூச்சியுடையதும் இல்லை. பிறகு எதை அவள் இத்தனை நாளாகப் பொறுக்கிக் குவித்தாள்?

வீட்டுக்கு ஓடி வந்து பாட்டிலை எடுத்தாள். இரண்டு நாளாகத் தின்னாமல் மஞ்சள் பூத்துக் கிடந்த ஒரு புழுவின் விலாவில் ஏதோ அசைந்தது. தோல் கிழிந்தது. உள்ளேயிருந்து காலில்லாத வெளுத்த குட்டிப் புழு ஒன்று முண்டிக்கொண்டு வெளியே வந்தது. வந்த கையோடு தலையை ஆட்டி ஆட்டி நூல் சுற்ற ஆரம்பித்தது. இது வலை இல்லை, நெருக்கமான, கெட்டியான, வெள்ளை வெளேரென்ற கூடு. குழம்பு சுண்டி இறங்குவதற்குள் அது ஒரு குருணையாக நின்றது.

புழுவுக்குள்ளிருந்து குருணை! குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். புழு குருணையாகும் என்று யாரும் சொன்னதில்லை. தனசேகரனிடம் சொல்ல வாயெடுத்து, என்னவென்று சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். புருஷன் படுக்கையில் இல்லை, போகி கொளுத்தக் கொல்லைக்குப் போய்விட்டார். பாட்டிலைப் பார்த்தாள். முதன்முதலில் போட்ட குருணையின் முனையில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. யாரோ உள்ளேயிருந்து அளவெடுத்து அறுக்கிறார்கள். வட்டம் மூடியாகத் திறந்தது. இரண்டு மீசை வெளியே வந்தது, பின்னால் ஒரு கறுப்புத் தலை, மெல்லிய இடுப்பு. கடுகுக்குக் காலும் சிறகும் முளைத்தாற்போல ஒரு குட்டிக் குளவி மூடியின் மேல் ஏறி நின்று மீசையைத் துடைத்துக்கொண்டது. பாட்டிலுக்குள் தின்றுகொண்டிருந்த பொடிப் புழுவைப் பார்த்ததும் பாய்ந்தது. ஒரு குத்து, அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

விஜயலட்சுமிக்கு எல்லாம் விளங்கியது. குளவி புழுவுக்குள் முட்டையை வைக்கிறது. குட்டி உள்ளேயிருந்து புழுவைத் தின்று வளர்கிறது. வெளியே வந்து வெள்ளைக் கூடு கட்டுகிறது. மருந்தை நிறுத்தியதும் கொல்லைக்கு வந்த காவல்காரர்கள் அவர்கள். வேலி பயிரை மேய்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பயிர்க்காரியே கூலி கொடுத்து வேலியைப் பிடுங்கிக் குவித்திருக்கிறாள். குவித்ததற்கு இப்போது நெருப்பு வைக்கப் போகிறார்கள்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது கொதித்தபடி இருந்தது.

ஈர இலை பிடிக்காதென்று தனசேகரன் குவியலுக்கு அடியில் காய்ந்த கரும்புச் சோகையைத் திணித்து ஒரு பக்கம் பற்றவைத்திருந்தார். விஜயலட்சுமி வந்த வேகத்தில் மண்வெட்டியைப் பிடுங்கி, எரிகிற சோகையை இழுத்து வாய்க்காலில் தள்ளினாள். பழைய பாயைக் காலால் எட்டி உதைத்தாள்.

"ஏய், பைத்தியமா புடிச்சிருக்குது? போகி அன்னிக்கு நெருப்ப அணைக்கிறியே, குடும்பம் வெளங்குமா?"

"இது முட்டை இல்லீங்க. தப்புப் பண்ணிட்டன். இதுல இருக்கறது புழுவத் தின்ற ஆளுங்க" என்று மூச்சிரைத்தபடி பாட்டிலை நீட்டினாள்.

அவர் வாங்கிச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னா இது, கொசுவா?"

"குளவி ஜாதி. குருணைய அறுத்துனு வந்துச்சி, கண்ணால பாத்தன். புழு வயித்துக்குள்ளயே வளந்து வருது."

"இத்தினூண்டு பூச்சியா உன் கோஸக் காப்பாத்தப் போவுது?" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் தீப்பெட்டியை மறுபடி எடுக்கவில்லை. இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். அவள் அழுதாள். அவர் பக்கம் திரும்பாமல் அழுதாள்.

வெளிச்சம் முதலில் மேற்கே கல்வராயன் மலை உச்சியில் பட்டது. அங்கிருந்து மெதுவாக இறங்கிச் சரிவையும் மரவள்ளிக் காடுகளையும் கடந்து இவர்கள் கொல்லைக்கு வந்தது. குவியலின் மேல் வெயில் விழுந்த கொஞ்ச நேரத்தில் தனசேகரன் மண்வெட்டியோடு எழுந்தார்.

"அணைச்சன்னியே, உள்ள கனிஞ்சினு இருக்குது பாரு, பொக வருது."

நெருங்கிப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

புகை இல்லை. குவியலின் மேல்பக்கம் முழுவதும், வாடிச் சுருண்ட ஒவ்வொரு இலையின் ஓரத்திலும், வெள்ளை மூடிகள் திறந்துகொண்டிருந்தன. கறுப்புப் புள்ளிகள் வெளியே வந்தன, மீசை துடைத்தன, சிறகை வெயிலுக்குக் காட்டின, எழும்பின. ஒன்று போனால் பத்து, பத்து போனால் எண்ண முடியாது. ஒரு சத்தம் இல்லை. அத்தனையும் அவர்கள் தோளுக்கு மேலாகக் கோஸ் பாத்திகளைப் பார்த்துப் போயின. யாரும் வழி சொல்லவில்லை. விஜயலட்சுமி கோயில்களில் தேர் பார்த்திருக்கிறாள், தீமிதி பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"இத்தினியும் நாமளா பொறுக்கி வெச்சோம்?" என்றார் தனசேகரன்.

"நீங்க இல்ல. நான்."

"நெருப்பு மட்டும் பத்தியிருந்தா..." என்றபடி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

அவள் குவியலைக் கிளறினாள். உள்ளே சூடேறி அழுகி, கறுத்துக் கூழாகிக் கிடந்தது. அங்கே இருந்த குருணைகள் திறக்கப் போவதில்லை. பாதிக்கு மேல் போய்விட்டது. அந்தப் பாதி தன் கையால் போனது என்று அவளுக்குத் தெரிந்தது, அதை யாரிடமும் தள்ளிவிட முடியாது. ஆனால் மேலடுக்கு உயிரோடு இருந்தது.

ஆயம்மாளும் பெண்களும் வழக்கம்போலச் சாக்கோடு வந்தார்கள். விஜயலட்சுமி பாட்டிலைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். "குவியல்லேர்ந்து இலைய ஒண்ணொண்ணாப் பாருங்க. சல்லடை மாதிரி வலை இருந்து உள்ள ஆளு தெரிஞ்சா அது திருடி, தண்ணியில போடுங்க. கெட்டியா வெள்ளையா இருந்தா நம்ம ஆளு. அத எடுத்துனு போயி செடிக்கு அடியில பதமா வையிங்க."

ஆயம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "ஏம்மா, பறிக்கச் சொன்னதும் நீதான், திரும்ப வையின்றதும் நீதானா? நல்லா இருக்குது போ. இதுக்கும் கூலி உண்டுதான?"

"உண்டுக்கா."

"அப்ப சாயங்காலம் மறுபடி பறிக்கச் சொல்லு, வந்துர்றோம்" என்று அவள் சொன்னதில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர்கள் மூடி திறப்பதைப் பார்த்ததும் இலைக்கு மேல் குனிந்துகொண்டார்கள். ஆயம்மாள் ஒரு இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மூச்சுவிடப் பயந்து நடந்தாள்.

கூடையைத் தலையில் வைத்தால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிற தனசேகரன் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். கடைசிப் பாத்தியில் அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மாட்டை வேற எங்கனா மேச்சிக்கலாம்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கோஸு தேறுமோ தேறாதோ, அது அதுங்க பாடு. மாசி கழிஞ்சா அந்தக் கீழக் கொல்லை சும்மாதான் கெடக்குது. அதுல இன்னா போடலாம்னு நீ யோசிச்சி வையி." சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவரைப் போலக் காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

விஜயலட்சுமி அங்கேயே குந்தியிருந்தாள். எதிரே ஒரு கோஸ் இலையில் பொடிப் புழு ஒன்று சுரண்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு குளவி வந்து இறங்கியது, மீசையால் இலையைத் தடவித் தடவி நடந்தது, புழுவை ஒரே குத்துக் குத்திவிட்டுப் பறந்தது. புழு துள்ளி, நூல் விட்டுத் தொங்கியது. கொஞ்ச நேரம் ஆடியது. ஆபத்து போய்விட்டதென்று நினைத்து நூலைப் பிடித்து ஏறி வந்து, பழைய இடத்திலேயே தின்ன உட்கார்ந்தது. அதன் வயிற்றுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று அந்தக் கொல்லையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இத்தனை நாளாகக் கண்டதும் அவள் நசுக்கிய ஜாதி அது. கையை நீட்டினாள், தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

"தின்னு" என்றாள் மெதுவாக. "நல்லாத் தின்னு."

"யாருகிட்ட பேசினு கீற?" என்று தூரத்திலிருந்து தனசேகரன் கத்தினார்.